யொஹானே டிப்வாட்: எந்த யொஹானே, எந்த நோரா?

#1 பழந்தாள்

"நார்வேயின் முதல் நோரா யொஹானே டிப்வாட்" என்று இந்தப் பகுதியிலேயே மூன்று இழைகளில் எழுதிவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் போய்த் திருத்துவதைவிட இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

முதல் நோரா டிப்வாட் இல்லை, அவருடைய அம்மா. நோரா என்பது நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தின் நாயகி. அந்த நாடகம் புத்தகமாக வந்தது 1879 டிசம்பர் 4. முதல் அச்சு 8,000 படிகள், ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோனது. மேடையில் முதலில் ஏறியது கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில், டிசம்பர் 21 அன்று. அங்கே நோரா பெட்டி ஹென்னிங்ஸ் என்ற டேனிஷ் நடிகை. இன்றைய ஒஸ்லோவான கிறிஸ்தியானியாவில், கிறிஸ்தியானியா தியேட்டரில் 1880 ஜனவரி 20-ல் போட்டபோது நோராவாக வந்தவர் யொஹானே யூயெல் (1847–1882). கணவர் மத்தியாஸ் யூயெலும் நடிகர்தான்.

இவர்களுடைய மகள் பெயரும் யொஹானே. பிறப்பு 1867 ஆகஸ்ட் 2, இறப்பு 1950 மார்ச் 4. 1887-ல் பெர்கன் நகரத்து தென் நஷுனாலே ஸேனே அரங்கில் முதல் தடவை மேடை ஏறியபோது அவரும் யொஹானே யூயெல்தான். மறு வருஷம் கிறிஸ்தியானியா தியேட்டருக்கு வந்தார். 1890-ல் நோரா. வக்கீல் வில்ஹெல்ம் டிப்வாட்டைக் கல்யாணம் செய்தது 1891-ல்.

ஆக, ஒரே தியேட்டர், ஒரே வேடம், ஒரே பெயர், நடுவில் பத்து வருஷம். குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

#2 கொட்டகைக்காரி

அம்மா செத்து எட்டு வருஷம் கழிச்சு, அம்மா நின்ன அதே மேடையில, அதே வேஷம். பார்க்க வந்தவங்கள்ல பாதிப் பேர் அம்மாவையும் பார்த்திருப்பாங்க. மகளுக்கு 23 வயசுதான்.

ஆனா பழந்தாள் சார், பழைய பத்திரிகை விளம்பரத்துல வருஷம் கிழிஞ்சு போன துண்டு கிடைச்சா அம்மாவா மகளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#3 பழந்தாள்

பெயருக்கு முன்னால் உள்ள அடைமொழியைப் பாருங்கள். அந்தக் காலத்து விளம்பரமும் விமர்சனமும் நடிகைகளை முழுப் பெயர் சொல்லி எழுதாது. கல்யாணமானவர் "ஃப்ரூ", ஆகாதவர் "ஃப்ரோக்கன்", அதாவது திருமதியும் செல்வியும். 1880-ல் வருவது ஃப்ரூ யூயெல், அம்மா. 1890-ல் வருவது ஃப்ரோக்கன் யூயெல், மகள். 1891-க்கு அப்புறம் மகள் ஃப்ரூ டிப்வாட் ஆகிவிடுவார், பிறகு சாகும்வரை அதே பெயர்தான்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஃப்ரோக்கனை முழுசாக அச்சடிக்க மாட்டார்கள், மூன்றெழுத்துச் சுருக்கமாகப் போடுவார்கள். மங்கிய நகலில் அதன் கடைசி எழுத்து தேய்ந்திருந்தால் ஃப்ரூ மாதிரியே தெரியும். அந்த ஒரு எழுத்தில் ஒரு தலைமுறையே மாறிப்போகிறது. நான் மேலே சொன்ன மூன்று இழைகளில் ஒன்றில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

#4 ஒஸ்லோவான்

பழந்தாள் சொன்னதோட இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. நோர்வே தேசிய நூலகத்தின்ர டிஜிட்டல் பத்திரிகைத் தொகுப்பில தேடுற ஆக்களுக்கு:

அந்தக் காலத்துப் பத்திரிகை கன எண்ணம் ஜெர்மன் பாணிக் கோண எழுத்தில அச்சடிச்சது. அந்த எழுத்தில பெரிய 'ஐ'யும் பெரிய 'ஜே'யும் ஒரே வடிவம். கணினி வாசிக்கேக்க யூயெல் எண்ட பெயரின்ர முதல் எழுத்தை 'ஐ' எண்டு எடுத்துப்போடும். சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் குடுத்துத் தேடினால் பாதி முடிவு வராது. ரெண்டு விதமாவும் தேடுங்கோ. டிப்வாட்டுக்கும் அப்பிடித்தான்: நடுவில இருக்கிறது ரெட்டை 'வி'. அதை ஒற்றை 'வி' போட்டும் ஒருக்கா தேடிப் பாருங்கோ.

நகரத்தின்ர பெயரும் மாறிக்கொண்டே வந்தது. முதலில 'சி'யில தொடங்கிற கிறிஸ்தியானியா, பிறகு 'கே'யில தொடங்கிற கிறிஸ்தியானியா, 1925 ஜனவரி 1-இல இருந்து ஒஸ்லோ. தியேட்டர் பெயர் மட்டும் பழைய 'சி'யோடயே நிண்டது. மேல வட்டம் போட்ட 'ஓ' ஒலி எழுத்து 1917 எழுத்துச் சீர்திருத்தத்தோடதான் வழக்கத்துக்கு வந்தது, அதுக்கு முதல் ரெட்டை 'ஏ'. இப்சனின்ர இன்னொரு நாடகமான 'பியர் கியூண்ட்'இல வாற தாய் ஓஸெயைத் தேடுறதெண்டால் இது தெரியவேணும்.

இன்னொண்டு, 'ஜொஹான் டிப்வாட்' எண்டு இங்க சிலர் எழுதினம். நோர்வேஜிய மொழியில 'ஜே'யைப் பொதுவா 'ய' எண்டுதான் சொல்லுறது. கடைசி எழுத்தையும் விழுங்கக்கூடாது, விழுங்கினால் ஆம்பிளைப் பெயராப் போயிடும்.

#5 கொட்டகைக்காரி

சரி, பேர் பஞ்சாயத்து முடிஞ்சுது. நான் வேலைக்கு வர்றேன். நோரா வேஷம் ஏன் ஒரு நடிகையோட எடைக்கல்லா ஆச்சு, அது கையில எப்படி இருக்கும்னு சொன்னாத்தான் இந்தம்மா 23 வயசுல என்ன தூக்கினாங்கன்னு புரியும்.

ரெண்டாவது அங்கக் கடைசியில தாரந்தெல்லாங்கற இத்தாலிய ஆட்டம். பிரதியில இருக்கறபடி சொல்றேன்: நோரா பெட்டியிலிருந்து டாம்புரினையும் நீளமான பலநிறச் சால்வையையும் எடுக்கறா. முதல்ல அவ புருஷன் டோர்வால் ஹெல்மர்தான் பியானோ வாசிக்கிறான். அவன் சொல்றபடி அவ ஆடலை, வேகமாப் போறா. "இப்படி இல்ல, மெதுவா"ன்னு கத்தறான். அப்ப குடும்ப நண்பர் டாக்டர் ராங்க், நான் வாசிக்கிறேன், நீ சொல்லிக்குடுன்னு பியானோவுல உட்கார்றார். ஹெல்மர் அடுப்புப் பக்கம் நின்னு திருத்திக்கிட்டே இருக்கான், அவ காதுல எதுவும் ஏறலை. தலைமுடி அவிழ்ந்து தோள்ல விழுது. அவ அதைக் கவனிக்கக்கூடாது, இது ஆசிரியர் எழுதி வச்ச குறிப்பு. அப்ப நோராவோட சிநேகிதி லிண்டே உள்ள வர்றா.

இதுல கெடற இடங்கள்:

கொண்டை. "அவிழ்ந்து விழுது"ன்னு ஒரு வரியில எழுதிட்டுப் போயிட்டார் மனுஷன். கொண்டை ஊசி நிறைய குத்தினா ஆட்டம் முடியற வரைக்கும் முடி விழாது, நடிகை கையால இழுத்து விடவேண்டியிருக்கும், அங்கேயே காட்சி செத்துச்சு. குறைச்சுக் குத்தினா டாக்டரோட உட்கார்ந்து பேசற பட்டுக் காலுறைக் காட்சியிலேயே சரிஞ்சிடும். வழி என்னன்னா, கொண்டையோட பாரத்தை ரெண்டே ஊசியில தொங்க விடறது, மத்ததெல்லாம் ஒப்புக்கு. சால்வையை எடுக்கத் திரும்பற சாக்குல அந்த ரெண்டுல ஒண்ணை உருவிடணும். மிச்ச ஒண்ணு நாலஞ்சு குதிப்பு தாங்கும்.

உருவின ஊசி தரையில விழக்கூடாது. ஆடற காலுக்கு அடியில ஊசி கிடந்தா அவ்வளவுதான். அதோட, மூணாவது அங்கத்துல தபால் பெட்டிப் பூட்டுல உடைஞ்ச கொண்டை ஊசி ஒண்ணை ஹெல்மர் கண்டுபிடிக்கிறான் இல்லையா? அதுக்கு முன்னாடியே மேடையில ஒரு ஊசி பளபளன்னு கிடந்தா ஆட்டம் பார்க்கறவன் கணக்குப் போட ஆரம்பிச்சிடுவான்.

சால்வை. ஓரத்துல குஞ்சம் இருந்தா டாம்புரின் தகட்டுல மாட்டும். நிச்சயமா மாட்டும். குஞ்சம் இருக்கற பக்கத்தை உள்பக்கமா மடிச்சு இடுப்புல செருகிக்கணும்.

மூச்சு. இறுக்கிக் கட்டின கார்செட்டோட ஆறுக்கு எட்டுத் தாளத்துல ஆடிட்டு உடனே வசனம் பேசணும். ஆட்டம் தெரிஞ்ச நடிகை இங்கதான் தோக்கறா, அழகா ஆடிட்டு மூச்சு வாங்காம நிக்கறா. நோரா ஆட்டக்காரி இல்லை. தன் ரகசியத்தைச் சொல்ற கடுதாசி தபால் பெட்டியில இருக்கு, புருஷன் அதைப் படிக்கறதை ஒரு ராத்திரி தள்ளிப்போட ஆடறவ. தப்பா ஆடணும், ஆனா தாளத்தை விடாம தப்பா ஆடணும். அது கஷ்டம்.

எல்லாரும் ஆட்டத்தைப் பத்தியே பேசுவாங்க, உண்மையான சோதனை மூணாவது அங்கத்துல உடை மாத்தறது. விருந்து உடையைக் கழட்டிட்டு வர்றேன்னு உள்ள போறா. வெளியில ஹெல்மர் "மன்னிச்சுட்டேன், இனிமே நீ என் குஞ்சு"ன்னு ஒரு நீளமான பேச்சு. அந்தப் பேச்சு எவ்வளவு நேரமோ அவ்வளவுதான் அவளுக்கு நேரம், ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல தேறாது. அதுக்குள்ள வீட்டு உடையில அமைதியா வந்து நிக்கணும். பட்டன் வச்ச உடை ஆகவே ஆகாது, கொக்கிதான். கார்செட்டும் செருப்பும் மாத்தாம ரெண்டு உடைக்கும் பொதுவா வச்சுக்கணும். மூச்சிரைக்க ஓடி வந்தா "உட்காரு டோர்வால், பேசணும்"ங்கற இடம் போயிடும். அந்த இடத்துக்குத்தான் மொத்த நாடகமும்.

#6 கேள்விக்குறி

எல்லாம் நல்லா இருக்கு. ஆனா டிப்வாட்டோட வேடப் புகைப்படங்களைப் பார்த்தா ரொம்ப நிதானமா, சிலை மாதிரி நிக்கிறாங்க. இவ்வளவு ஆட்டம் பாட்டம் எங்கே? நடிப்பே அப்படி விறைப்பா இருந்திருக்கலாமே.

#7 பழந்தாள்

அந்தப் படங்களை வைத்து நடிப்பை எடைபோடுவது தவறு. அவை மேடையில் எடுத்தவை அல்ல. வேட உடையோடு புகைப்பட நிலையத்துக்குப் போய், வரைந்த திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டவை. கிறிஸ்தியானியாவில் லுட்விக் ஷாசின்ஸ்கி போன்றவர்களின் நிலையங்கள் இதற்குப் பெயர்போனவை. கண்ணாடித் தட்டு, மேலே இருந்து வரும் பகல் வெளிச்சம். ஆடாமல் நிற்கவேண்டும், ஆடினால் படம் கலங்கும். மேடையிலோ, அன்றைய விளக்கு வெளிச்சத்தில் நகரும் ஆளைப் பிடிக்கிற தட்டு அப்போது இல்லை.

ஆகவே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது உடை, தலைமுடி, கையில் உள்ள பொருள் இவ்வளவுதான். நாற்காலி, மேசை, பின்திரை எல்லாம் நிலையத்துச் சொத்து. அதே நாற்காலியில் மறு நாள் ஒரு பாதிரியார் உட்கார்ந்திருப்பார்.

#8 சுருதி

நோராவிலேயே நின்றுவிட்டீர்கள். டிப்வாட்டின் நீளம் தெரியவேண்டுமானால் பியர் கியூண்டைத்தான் பார்க்கவேண்டும். 1892-ல் கிறிஸ்தியானியா தியேட்டரில் பியோர்ன் பியோர்ன்சன் பியராக நடித்தார், டிப்வாட் ஸோல்வெய். பியருக்காகக் காத்திருக்கிற பெண். வயதானபின் அதே நாடகத்தில் பியரின் அம்மா ஓஸெ. ஒரே நாடகத்துக்குள் ஒரு நடிகையின் ஆயுசு.

ஸோல்வெய் வேடத்தின் சிக்கல் நடிப்பில் இல்லை, நார்வே இசையமைப்பாளர் கிரீகின் இசையில் இருக்கிறது. 1876-ல் முதல் மேடையேற்றத்துக்கென்றே எழுதிய இசை. ஸோல்வெய்யின் பாட்டு மைனரில் நடந்து, வார்த்தை நின்றுபோய் வெறும் ஹம்மிங்காக மேஜருக்குத் திரும்புகிறது. அந்த ஹம்மிங்கின் கடைசியில் மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட ஸ்வரம், அதை மெல்லப் பிடித்து நிறுத்தவேண்டும். பயிற்சி இல்லாத குரல் அங்கே உடையும், பயிற்சி உள்ள குரல் அங்கே ஆபெரா ஆகிவிடும். கடைசி அங்கத்தில் பியரை மடியில் கிடத்திப் பாடும் தாலாட்டில் நிலைமை தலைகீழ்: ஸ்தாயி சுலபம், ஆனால் கிட்டத்தட்ட அசையாமல் உட்கார்ந்து மெதுவாகப் பாடவேண்டும். மூச்சு தீர்ந்தால் தோள் தூக்கும், மடியில் தலை வைத்திருக்கிற பியர் கூடவே ஏறி இறங்குவான். அரங்கம் சிரித்துவிடும்.

ஓஸெக்குப் பாட்டு இல்லை, ஆனால் இசை உண்டு. மூன்றாம் அங்கக் கடைசி. கிழவி கட்டிலில் சாகக் கிடக்கிறாள். பியர் கால்மாட்டில் உட்கார்ந்து, நாற்காலியைக் குதிரையாகப் பாவித்து, பழங்கதைகளில் வரும் ஸோரியா மோரியா கோட்டை விருந்துக்கு அம்மாவை வண்டி ஓட்டிப் போகிறான். மணியோசை கேட்குதா, வெளிச்சம் தெரியுதா என்று பேசிக்கொண்டே போகிறான். நடுவில் எங்கோ அவள் இறந்துவிடுகிறாள். எந்த இடம் என்று வசனத்தில் இல்லை. பியர் திரும்பிப் பார்த்து, ஏன் இப்படி முறைத்துப் பார்க்கிறாய் என்று கேட்கும்போதுதான் நமக்கு உறைக்கிறது. தலையைத் தொப்பென்று சாய்த்துச் "செத்துக் காட்டுகிற" ஓஸெ அந்தக் காட்சியைக் கெடுத்துவிடுவாள். அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்வதைக் குறைக்கவேண்டும், அவ்வளவுதான்.

அடியில் ஓடும் இசை தந்தி வாத்தியங்கள் மட்டும், சத்தம் அடக்கி, பி மைனரில். நடத்துநர் ஓஸெயைப் பார்க்கக்கூடாது, பியரைப் பார்த்து நடத்தவேண்டும். அவளைப் பார்த்து நடத்தினால் இசை அவளுக்கு முன்னாலேயே செத்துவிடும். கச்சேரியில் இந்தத் துண்டைத் தனியாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வெறும் இரங்கல் இசை. மேலே ஒருவன் பொய்யாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்தால் வேறு மாதிரிக் கேட்கும்.

#9 கேள்விக்குறி

புகைப்பட விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா நடிகையா பெரிய ஆள்னு சொல்றதோட நிறுத்திக்கலாம். இயக்குநரா அவங்களைத் தூக்கிப் பிடிக்கிறது அதிகம். குன்னர் ஹைபர்க் எழுதினதைப் படிச்சிருப்பீங்க.

#10 பழந்தாள்

ஹைபர்க் கடுமையாக எழுதியவர்தான், மறுக்கவில்லை. அவருடைய குற்றச்சாட்டின் சாரம், டிப்வாட்டின் சாமர்த்தியம் எழுத்தாளனை மூடிவிடுகிறது என்பது. ஆனால் ஹைபர்க் சும்மா விமர்சகர் அல்ல, நாடகாசிரியர். அதைவிட முக்கியம், 1884 முதல் 1888 வரை பெர்கன் அரங்கை நடத்தியவர் அவர். 1887-ல் டிப்வாட் முதலில் மேடை ஏறியது அவருடைய அரங்கில். தன் கொட்டகையில் தவழ்ந்த குழந்தை ராணியாகிவிட்டால் வரும் கோபம் தனி ரகம். சொல்வதில் விஷயம் இல்லை என்று அர்த்தமில்லை, எந்தத் தூரத்தில் நின்று சொல்கிறார் என்று பார்க்கவேண்டும்.

டிப்வாட் இயக்க ஆரம்பித்தது 1906-ல். வடக்கே ஒரு பெண், அதுவும் நாட்டின் முதன்மை அரங்கான நாஷனல் தியேட்டரில், நாடகத்தை நடத்திப் போடுவது அன்று சின்ன விஷயம் இல்லை.

#11 கொட்டகைக்காரி

ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி. தானே நடிச்சுக்கிட்டு தானே இயக்கினா வர்ற கோளாறு டிப்வாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நம்ம ஊர் வாத்தியார் கம்பெனி முதலாளிகளுக்கும் இதே கதைதான். ஒத்திகையில முன்வரிசைக்குக் கீழே உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. தான் நிக்கற இடத்திலிருந்து தெரியற மேடைதான் கண்ணுக்குத் தெரியும். மத்தவங்க நிக்கற இடமெல்லாம் தன்னைச் சுத்தியே அமையும், வெளிச்சமும் அப்படியே. இதுக்கு மருந்து, ஒத்திகை பாதி வரைக்கும் தன் வேஷத்துல மாற்று ஆளை நிறுத்தி கீழ இருந்து பார்க்கறது. அதுக்கு நாள் வேணும். வாரா வாரம் நிகழ்ச்சி மாத்தற அரங்கத்துல நாள் எங்க இருக்கும்?

#12 ஒஸ்லோவான்

நாள் ஏன் இல்லை எண்டதுக்குக் காரணம் காசு. நாஷனல் தியேட்டர் 1899 செப்டம்பர் 1 அண்டு திறந்தது. முதல் இரவு பழைய நாடகாசிரியர் ஹொல்பர்க்கின்ர நாடகம், ரெண்டாவது இரவு இப்சனின்ர, மூண்டாவது இரவு எழுத்தாளர் பியோர்ன்ஸ்யெர்ன பியோர்ன்சனின்ர. இப்சனும் பியோர்ன்சனும் உயிரோட வந்து இருந்து பார்த்தவை. வாசலில அவையின்ர சிலை ஏற்கனவே நிண்டது. தன்ர சிலையைத் தாண்டி நாடகம் பார்க்கப் போறது எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

பெயர்தான் நாஷனல், அரசாங்கம் காசு தரேல்லை. தனியார் நிறுவனமாத்தான் தொடங்கினது. 1929 வரைக்கும் டிக்கெட் வருமானத்திலதான் முக்கியமா ஓடினது, கன தரம் முறியப் பார்த்தது. அதுக்குள்ள யொஹான் ஹால்வர்சன் நடத்திற 43 பேர் கொண்ட வாத்தியக் குழு வேற. இப்சன் போட்டால் பெருமை வரும், பகிடி நாடகம் போட்டால்தான் சம்பளம் வரும். டிப்வாட் 1899 தொடக்கம் 1947 வரைக்கும் அங்கேயே இருந்தவ. அந்த 48 வருஷத்தில நடிச்சதெல்லாம் நோராவும் ஓஸெயும் இல்லை.

பழைய கிறிஸ்தியானியா தியேட்டரைத் தேடிப் போறவை ஏமாறவேண்டாம். 1837-இல பாங்க்பிளாஸன் சதுக்கத்தில கட்டினது, 1899-இல மூடினது, பிறகு இடிச்சாச்சு. அந்த இடத்தில தேசிய வங்கிக்கெண்டு கட்டின கல்லுக் கட்டடம் நிக்குது.

#13 கேள்விக்குறி

அப்ப ஒரு கேள்வி. தியேட்டர் டேனிஷ்காரங்க கையில இருந்ததுன்னு எங்கேயோ படிச்சேன். டிப்வாட் எந்த மொழியில பேசினாங்க?

#14 பழந்தாள்

நோர்வேஜியத்தில். ஆனால் அது தானாக வந்துவிடவில்லை, அவருக்கு முந்தைய தலைமுறை போட்ட சண்டை. கிறிஸ்தியானியா தியேட்டரில் முதலில் டேனிஷ் நடிகர்கள், டேனிஷ் உச்சரிப்பு. மேடை மொழி என்றாலே கோபன்ஹேகன் மொழி என்று நினைத்த காலம். 1856 மே மாதம் ஒரு டேனிஷ் நடிகரை எடுத்ததற்காகப் பார்வையாளர்கள் விசில் ஊதி ரகளை செய்தார்கள், அதற்குத் தலைமை தாங்கியவர் இளைஞர் பியோர்ன்சன். மேலே சுருதி சொன்ன பியோர்ன் பியோர்ன்சன் அவருடைய மகன். அந்த மகன்தான் நாஷனல் தியேட்டரின் முதல் தலைவர், 1899 முதல் 1907 வரை. அப்பாவையும் மகனையும் போட்டுக் குழப்பிக்கொள்வது தனி இழைக்கான சமாசாரம்.

பெர்கனில் பிறந்த லாவுரா குண்டர்சன் (1832–1898) அந்த மாற்றக் காலத்தின் பெரிய நடிகை. 1850-ல் கிறிஸ்தியானியா தியேட்டருக்கு வந்தவர். டிப்வாட் உள்ளே வரும்போது மொழிச் சண்டை முடிந்து மேடை தயாராக இருந்தது.

#15 சுருதி

டிப்வாட்டுக்குப் பிறகு நோரா என்றால் 1936-ல் டோரே ஸேகெல்க்கெ, அதே நாஷனல் தியேட்டரில். பின்னால் லீவ் உல்மன், 1975-ல் பிராட்வேயில் ஆங்கிலத்தில். இதை வைத்து "நார்வே நோராக்கள்" பட்டியல் போடுபவர்கள் அம்மா யூயெலை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

#16 கொட்டகைக்காரி

அம்மா 34, 35 வயசுல போயிட்டாங்க. மகள் 82 வரைக்கும் இருந்தாங்க. பட்டியல் போடறவன் நீளமா இருந்தவங்களைத்தான் எழுதுவான்.

#17 ஒஸ்லோவான்

சிலை பார்க்கப் போறவைக்கு: நிலக்கீழ் ரயிலில நாஷனல்தியாத்ரெட் நிலையத்தில இறங்குங்கோ. தியேட்டருக்கு முன்னால இருக்கிற சதுக்கத்தின்ர பெயரே யொஹானே டிப்வாட்ஸ் பிளாஸ். டிப்வாட்டின்ர சிலை செய்தவர் 'பேர் உங்' எண்ட முழுப்பெயர் உள்ள சிற்பி. பக்கத்தில வெங்கெ ஃபொஸ் எண்ட நடிகையின்ர சிலையும் இருக்கு, அதுவும் அவர் செய்ததுதான், 2007-இல வெங்கெ ஃபொஸ்ஸின்ர 90-ஆவது பிறந்தநாளுக்குத் திறந்தவை. ரெண்டையும் மாறிப் படம் எடுத்துக்கொண்டு வந்து போடாதேங்கோ. பீடத்தில பெயர் இருக்கு, வாசிச்சுப்போட்டு எடுங்கோ.

#18 பழந்தாள்

முதல் பதிவில் நான் சொன்ன மூன்று இழைகளில் இரண்டைத் திருத்திவிட்டார்கள். மூன்றாவதில் இன்னும் "1880, நோரா: டிப்வாட்" என்றே கிடக்கிறது. அன்று அவருக்கு வயது 12. மட்டுறுத்துநர் யாராவது பார்த்தால் மாற்றிவிடுங்கள்.